ப்ளூ ஜோடியில் கறுப்புக் குஞ்சு ஏன்? கோழி நிறப் பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியில் கோழி வளர்ப்பவர்களிடம் கேட்டால் இந்தப் புகார் வரும். ‘ப்ளூ ஜோடி’ என்று சொல்லி விற்றார்கள்; அடை வைத்துப் பொரித்தால் பாதிக் குஞ்சுதான் ப்ளூ, மீதியில் கறுப்பும் இருக்கிறது, வெள்ளையில் திட்டுத் திட்டாகவும் இருக்கிறது. கலப்புக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாங்கியவர் கொதிக்கிறார். என் கோழி சுத்தமான ப்ளூ என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். வாங்கியவர் கண்ட குஞ்சுகளும் நிஜம், விற்றவர் செய்யும் சத்தியமும் உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் சுத்தமான ப்ளூ ஜோடிக்குக் குஞ்சு அப்படித்தான் வரும்.

கருங்கோழி என்று வாங்கியதன் கறி வெளுத்திருப்பது, அச்சு அசலாக ஒரே நிறத்தில் உள்ள இரண்டு சேவல்களுக்கு வேறு வேறு நிறத்தில் பெட்டைகள் பிறப்பது, ‘கலர் கோழி’ என்றால் கடைக்குக் கடை வேறு கோழி கிடைப்பது எல்லாமே இந்த வகைச் சிக்கல்தான். நிறப் பெயர் என்பது இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற இறகைச் சொல்கிறது. வாங்குகிறவர் அதைப் பிறக்கப்போகும் குஞ்சுக்கான உறுதியாக எடுத்துக்கொள்கிறார். சில நிறங்களில் இந்த இரண்டும் ஒத்துப்போகும், சிலவற்றில் ஒத்தே போகாது. எது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

இனம், நிறம், லைன்

கோழியைப் பற்றிப் பேசும்போது மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன.

1. இனம் என்பது உடற்கட்டு, உயரம், எடை, கொண்டை, நடை ஆகியவை சேர்ந்தது. அசில், கடக்நாத், தலச்சேரிக் கோழி எல்லாம் இனங்கள்.

2. நிற வகை என்பது ஓர் இனத்துக்குள் இறகின் நிறத்தை வைத்துச் செய்யும் பிரிவு. ஒரே நிறம் பல இனங்களில் வரலாம்.

3. லைன் என்பது ஒரு வளர்ப்பாளர் தலைமுறை தலைமுறையாகத் தன்னிடமே சேர்த்துக் காத்துவரும் வம்சம். நிறம் நிலையாக வருமா என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, பெயரில் இல்லை.

பெருவிடை, சிறுவிடை என்பவை அளவைச் சொல்லும் பெயர்கள். கிளிமூக்கு, விசிறிவால் என்பவை அலகையும் வாலையும் சொல்கின்றன. இவற்றில் எதுவும் நிறத்தைச் சொல்வதில்லை. ‘கிளிமூக்குச் செவலை’ என்று ஒருவர் சொன்னால் உருவம் ஒன்று, நிறம் ஒன்று என இரண்டு தகவல் கொடுக்கிறார்.

அமெரிக்காவில் 1874-லேயே கோழிக் கண்காட்சிகளுக்கான தர நூல் வெளிவந்துவிட்டது. ஒவ்வொரு நிறத்திலும் கழுத்து எப்படி, மார்பு எப்படி, வால் எப்படி என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோழிகளின் நிறத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படி ஒரு நூல் இல்லை. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இனங்களைப் பதிவு செய்கிறது. அங்கே அசில் என்பது ஒரே இனம். நிறத்துக்கு நிறம் தனி இனம் கிடையாது. ஆகவே ‘இது வேற இனம், இதோட கலரைப் பாருங்க’ என்று சொல்லி விலையை ஏற்றினால் அந்த வாதத்துக்கு அடிப்படை இல்லை.

பெயர்கள் வந்த வழி

வடசென்னையில் புழங்கும் நிறப் பெயர்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. தமிழ்நாட்டுச் சேவல் வளர்ப்பாளர்களின் பழைய பெயர்கள் பிற உயிர்களோடு ஒப்பிட்டு வைத்தவை: காகம், கீரி, மயில், வல்லூறு. ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால் கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் வழியாகத் தெலுங்குப் பெயர்களும் சேவலோடு சேர்ந்து வந்துவிடுகின்றன: காகி, முங்கிச, நெமலி, டேகா. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களும் காகத்தையும் கீரியையும் மயிலையும் பருந்து இனத்தையும்தான் சொல்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கை: தெலுங்குக்காரர் ‘காகி’ என்றால் காகக் கறுப்பு. போலீஸ் உடுப்பின் காக்கி நிறம் என்று நினைத்துக்கொண்டு போனால் வேறு சேவலைப் பார்க்க நேரும்.

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் சேவல்கட்டிலிருந்து வந்தவை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவது குற்றம். சண்டைக்கு அப்பால், வளர்ப்புக்காகவும் அழகுக்காகவும் கோழி வைத்திருப்பவர்களும் இதே பெயர்களைச் சொல்கிறார்கள்.

கோழியியல் பாடப் புத்தகங்கள் அசிலின் நிறங்களுக்கு வடக்கத்திப் பெயர்களைத் தருகின்றன. பீலா பொன் சிவப்பு, யாகூப் கறுப்பும் சிவப்பும், நூரி வெள்ளை, காகர் கறுப்பு, சித்தா கறுப்பும் வெள்ளியும், தீக்கர் பழுப்பு, ரேஜா வெளிர் சிவப்பு. கடைசியாக, அழகுக்காக வளர்க்கும் ஃபேன்சி கோழிகளோடு வந்த ஆங்கிலப் பெயர்கள்: ப்ளூ, ஸ்பிளாஷ், லாவெண்டர், பஃப், பார்ட்ரிட்ஜ்.

இந்த நான்கு வரிசைகளும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தா. தமிழ், தெலுங்குப் பெயர்கள் சேவலின் மொத்தத் தோற்றத்தைப் பார்த்து வைத்தவை. ப்ளூ, லாவெண்டர் போன்றவை இன்று குறிப்பிட்ட மரபணுக்களைக் குறிப்பவை. அதனால்தான் ‘சாம்பல்’ என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு நிறங்கள் ஒளிந்துகொள்கின்றன.

இரண்டே நிறமி

கோழி இறகில் இருப்பவை முக்கியமாக இரண்டு நிறமிகள். யூமெலனின் கறுப்பைத் தரும். ஃபியோமெலனின் சிவப்பு, பொன், மஞ்சள் சாயல்களைத் தரும். நீல நிறமி என்று தனியாக எதுவும் இல்லை. கறுப்புச் சேவலின் வாலில் அடிக்கும் பச்சை மினுக்கும் நிறமி அல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி படுவதால் வருவது.

இந்த இரண்டும் உடம்பில் எங்கெங்கே படிய வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் தலைமையானது எம்.சி.1.ஆர். எனப்படுவது. உடல் முழுக்கக் கறுப்பா, மார்பு மட்டும் கறுப்பாகிக் கழுத்தும் முதுகும் சிவப்பா என்பது பெருமளவு இதன் வேலை. அடுத்த தொகுதி மரபணுக்கள் படிந்த நிறத்தை வெளுக்க வைக்கும், அல்லது அடியோடு தடுக்கும். இன்னொரு தொகுதி கோடும் புள்ளியும் போடும். ஒரு கோழியின் நிறம் இந்த மூன்று அடுக்குகளும் சேர்ந்த கூட்டுக்கணக்கு. வெளியே தெரிவது விடை மட்டும்தான்.

ப்ளூ, ஸ்பிளாஷ், லாவெண்டர்

குழப்பம் அதிகமாக இருப்பதும் காசு அதிகமாகக் கைமாறுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ப்ளூ என்பது கறுப்பை மட்டும் வெளுக்க வைக்கும் ஒரு மரபணு. ஒவ்வொரு கோழிக்கும் இந்த இடத்தில் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. டீ டிகாஷனில் பால் விடுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பாலே இல்லாவிட்டால் கறுப்பு. ஒரு பங்கு விட்டால் நீலச் சாம்பல், அதுதான் ப்ளூ. இரண்டு பங்கு விட்டால் வெளுத்துப்போய் அங்கங்கே சாம்பல் திட்டு, அது ஸ்பிளாஷ்.

ப்ளூ கோழியிடம் எப்போதும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். இரண்டு இருந்தால் அது ப்ளூ இல்லை, ஸ்பிளாஷ். இதிலிருந்து கணக்கு தானாகவே வந்துவிடும்:

1. ப்ளூவும் ப்ளூவும் சேர்ந்தால் நூற்றுக்கு 25 கறுப்பு, 50 ப்ளூ, 25 ஸ்பிளாஷ்.

2. ப்ளூவும் கறுப்பும் சேர்ந்தால் பாதி ப்ளூ, பாதி கறுப்பு.

3. ப்ளூவும் ஸ்பிளாஷும் சேர்ந்தால் பாதி ப்ளூ, பாதி ஸ்பிளாஷ்.

4. ஸ்பிளாஷும் கறுப்பும் சேர்ந்தால் குஞ்சு அத்தனையும் ப்ளூ.

முதல் வரிதான் அந்தப் புகாருக்கான பதில். ப்ளூ ஜோடியில் ப்ளூ மட்டுமே பிறக்க வழியே கிடையாது, எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் கிடையாது. ஆண்டலூசியன் என்ற புகழ்பெற்ற நீலக் கோழி இனத்தை வளர்த்தவர்கள் பல காலம் இதோடு மல்லுக்கட்டினார்கள். மெண்டலின் விதிகளைக் கோழியில் சோதித்துப் பார்த்த பேட்சனும் பன்னெட்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரணத்தை விளக்கினார்கள். ப்ளூ மட்டும் வேண்டும் என்பவர் நான்காவது வழிக்குப் போகவேண்டும், அதாவது ப்ளூவே அல்லாத இரண்டு கோழிகளை வாங்கவேண்டும். பத்துக் குஞ்சு மட்டும் பொரித்தால் விகிதம் அப்படியே வராது, முன்னே பின்னே இருக்கும். அதை வைத்துச் சண்டை போடக் கூடாது.

இப்போது லாவெண்டர். பார்வைக்கு இதுவும் சாம்பல்தான், ஆனால் வேறு மரபணு, வேறு விதி. இது ஒடுங்கி நிற்கும் வகை. இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளியே தெரியும். லாவெண்டரும் லாவெண்டரும் சேர்ந்தால் குஞ்சு எல்லாமே லாவெண்டர். லாவெண்டரைச் சாதாரணக் கறுப்போடு சேர்த்தால் எல்லாமே கறுப்பு. அந்தக் கறுப்புக் குஞ்சுகள் லாவெண்டரை உள்ளே மறைத்து வைத்திருக்கும். அவற்றில் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று லாவெண்டராகத் திரும்பி வரும்.

‘சாம்பல்’ என்று மட்டும் சொல்லி ஒருவர் விற்று, வாங்கியவர் அதைக் கறுப்புப் பெட்டையோடு சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ப்ளூவாக இருந்தால் பாதிக் குஞ்சு சாம்பலாக வரும். லாவெண்டராக இருந்தால் ஒன்றுகூட வராது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. ப்ளூவில் இறகின் ஓரம் கறுத்து ஒரு கரை கட்டியிருக்கும், சேவலின் கழுத்து உடம்பைவிடக் கறுத்திருக்கும். லாவெண்டரில் உடம்பு முழுக்க ஒரே சீரான வெளிர் சாம்பல். சிவப்பு கலந்த சேவலாக இருந்தால் இன்னும் எளிது. ப்ளூ சிவப்பைத் தொடாது, லாவெண்டர் அதையும் வெளுக்கடித்து வைக்கோல் நிறமாக்கிவிடும்.

சேவலுக்கு ஒரு நிறம், பெட்டைக்கு ஒரு நிறம்

கோழிகளின் முதன்மையான மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியில் சேவலுக்குக் கழுத்தும் முதுகும் பொன் சிவப்பு, மார்பு கறுப்பு. பெட்டை பழுப்பு, மார்பு மட்டும் கொஞ்சம் செம்மஞ்சள். ஆணும் பெண்ணும் ஒரே மரபணுக்களோடு இருந்தும் இவ்வளவு வேறுபாடு. நம் பழைய பெயர்கள் சேவலைப் பார்த்து வைத்தவை என்பதால் பெட்டையின் நிறத்தைப் பற்றி அவை பேசுவதில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பு மார்பும் சிவப்பு முதுகும் கொண்ட சேவல் குறைந்தது இரண்டு வகை மரபுகளில் பிறக்கும். ஒன்றில் பெட்டைகள் காட்டுக்கோழியைப் போலப் பழுப்பாக இருக்கும். இன்னொன்றில் கோதுமை நிறமாக இருக்கும், அசிலில் இந்த வகை பெட்டைகளை நிறையப் பார்க்கலாம். சேவல்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் பிடிபடாது. ஆனால் குஞ்சுகள் காட்டிக்கொடுத்துவிடும். காட்டுக்கோழி வகையில் பொரித்த அன்றே முதுகில் அணிலைப் போலக் கோடு இருக்கும். கோதுமை வகையில் கோடு இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். சேவலை மட்டும் வாங்குபவர் அதன் கூடப் பிறந்த பெட்டையையும் காட்டச் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

கருங்கோழி

கறுப்பு இறகு வேறு, கறுத்த தோல் வேறு. இரண்டையும் நடத்துபவை வேறு வேறு மரபணுக்கள். காகக் கறுப்புச் சேவலுக்குக் கறி வெளுப்பாக இருப்பது இயல்பு. சீனப் பட்டுக்கோழி வெள்ளை வெளேர் என்று இருக்கும், அதன் தோலும் எலும்பும் கறுப்பு.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் கோழியின் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு கறுப்பாக இருக்கிற எதையும் ‘கருங்கோழி’ என்று விற்பது சுலபமாகிவிட்டது. கடக்நாத்திலேயே முழுக்கறுப்பு, கழுத்தில் வெள்ளிக் கோடு ஓடுவது, பொன் சாயல் உள்ளது என்று மூன்று நிற வகைகள் உண்டு. இறகில் கொஞ்சம் பொன் தெரிகிறது என்பதற்காக அது போலி ஆகிவிடாது. இறகெல்லாம் கறுப்பு என்பதற்காக அசலும் ஆகிவிடாது. பார்க்கவேண்டியது கொண்டை, முகம், நாக்கு, கால், இறக்கைக்கு அடியில் உள்ள தோல். முட்டை கறுப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வெளிர் பழுப்புதான்.

கலப்பைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலைக் கறுக்க வைக்கும் மரபணு ஓங்கி நிற்பது, ஒரு பிரதியே போதும், கலப்புக் குஞ்சும் கறுத்துத் தெரியலாம். ஆனால் தோலில் கறுப்பைத் தடுக்கும் வேறொரு மரபணு, சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கால் வெளுத்த, அதாவது இந்தத் தடுப்பு மரபணு உள்ள பெட்டையோடு கடக்நாத் சேவலைச் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் நன்றாகக் கறுக்கும், சேவல் குஞ்சுகள் வெளிறும். ஏனென்றால் கோழியில் பெட்டை, இசட் எனப்படும் அந்தப் பால் குரோமோசோமை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. பட்டுக்கோழிக் கலப்புகளில் தோல் நிறம் இப்படி மாறுவதைப் பேட்சனும் பன்னெட்டும் 1911-லேயே எழுதினார்கள். ஆகவே ஒரே ஒரு கறுத்த பெட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், அதே ஈட்டில் பிறந்த சேவல்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

வெள்ளை, வரி, கால்

வெள்ளையிலும் இரண்டு வகை. லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தில் இருப்பது ஓங்கி நிற்கும் வெள்ளை. கறுப்போடு சேர்த்தால் குஞ்சுகள் வெள்ளையாகவே வரும், அங்கங்கே கறுப்புப் பொட்டு இருக்கலாம். இது கறுப்பை நன்றாகத் தடுக்கும், சிவப்பை அவ்வளவாகத் தடுக்காது. மற்றது ஒடுங்கி நிற்கும் வெள்ளை. அதைக் கறுப்போடு சேர்த்தால் வெள்ளைக் குஞ்சே வராமல் போகலாம்.

வரிக்கோழியில் கோடு போடும் மரபணுவும் பால் குரோமோசோமில்தான் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்று. அதனால் ஒரே லைனில் சேவல் வெளுத்தும் பெட்டை கறுத்தும் தெரியும். கறுப்புச் சேவலோடு வரிப்பெட்டையைச் சேர்த்தால் பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று பிரித்துவிடலாம். தலையில் வெள்ளைப் பொட்டு உள்ளவை சேவல்கள்.

கால் நிறம் தோலின் இரண்டு அடுக்குகளால் அமைகிறது. மேலே மஞ்சள், அடியில் கறுப்பு என்றால் பச்சைக்கால். மேலே வெள்ளை, அடியில் கறுப்பு என்றால் ஸ்லேட் நிறக் கால். மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியக் காடுகளில் உள்ள சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மஞ்சள் தீவனத்திலிருந்து வரவேண்டும். மக்காச்சோளமும் கீரையும் தின்றால் கால் பளிச்சென்று மஞ்சளாகும், அரிசியும் நொய்யும் மட்டும் போட்டால் வெளுக்கும். தொடர்ந்து முட்டையிடும் பெட்டைக்கும் கால் வெளுக்கும். கால் வெளுத்துப்போனதை வைத்து மட்டும் கலப்பு என்று தீர்ப்புச் சொல்வது தவறு.

‘கலர் கோழி’ என்ற பெயரில் மூன்று

1. தெருவில் கூடையில் வரும் சிவப்பு, பச்சை, ஊதாக் குஞ்சுகள் சாயம் தோய்த்தவை. முட்டைக்கோழி ஹேச்சரிகளில் கழித்துவிடும் சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படி வருகின்றன. புது இறகு முளைத்ததும் சாயம் போய்விடும். சின்னப் பிள்ளைகள் கையில் இவை படும் பாட்டைப் பார்த்தால், வாங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

2. கறிக்கடையில் கலர் கோழி என்றால் வெள்ளை பிராய்லர் அல்லாத, நிற இறகுள்ள வளர்ப்பு ரகம்.

3. புறக்கடை வளர்ப்புக்கான மேம்படுத்திய ரகங்களுக்கும் இதே பெயர்தான். ஹைதராபாத்தின் வனராஜா, பெங்களூருவின் கிரிராஜா, மாதவரம் பால்பண்ணையில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆகியவை இந்த வகை. நல்ல கோழிகள். ஆனால் செவலை இறகைக் காட்டி இவற்றைச் சுத்த நாட்டுக்கோழி என்று விற்றால் அது நியாயம் இல்லை. இறகு நிறத்தை வைத்து நாட்டுக்கோழியை அடையாளம் காணவே முடியாது.

வாங்கும்போது கேட்கவேண்டியவை

1. தாயும் தகப்பனும் என்ன நிறம்? முடிந்தால் நேரில் அல்லது படத்தில் காட்டச் சொல்லுங்கள். ப்ளூ என்றால் இந்தக் கேள்வி கட்டாயம்.

2. போன ஈட்டில் என்னென்ன நிறத்தில் குஞ்சு வந்தது? ‘எல்லாம் ப்ளூதான்’ என்று ப்ளூ ஜோடி விற்பவர் சொன்னால், ஒன்று அது லாவெண்டர், அல்லது அவர் மீதிக் குஞ்சுகளைச் சொல்லவில்லை.

3. சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று பொதுவாகச் சொன்னால், எந்தச் சாம்பல், கறுப்பு இறகிலா தோலிலா, வெள்ளையில் பொட்டு உண்டா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

4. சேவல் வாங்கினால் கூடப் பிறந்த பெட்டையையும், பெட்டை வாங்கினால் கூடப் பிறந்த சேவலையும் பாருங்கள்.

5. தெலுங்குப் பெயரோ வடக்கத்திப் பெயரோ சொன்னால், கழுத்து, மார்பு, முதுகு, வால், கால் என்று ஒவ்வொன்றாக நிறத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

விற்பவர்களும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், நிழலில் நிறுத்தி எடுங்கள். மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் நின்ற ப்ளூவும் வெள்ளையும் பித்தளைச் சாயல் ஏறி வேறு நிறம் போலத் தெரியும். இறகு உதிர்த்துப் புது இறகு போட்ட பிறகுதான் அவற்றின் சொந்த நிறம் தெரியும்.